சிடிஐ வேலைக்கு ஸ்பான்சர் உறுதி என்கிறார்கள், பணம் கட்டலாமா?

கேள்வி, 2025 ஆகஸ்ட் 17

அக்கா, நான் பி.எஸ்சி. நர்சிங். திருநெல்வேலியில் இரண்டு வருடம் வார்டு வேலை, இப்போது சென்னையில் மூன்று வருடமாக ஐபி-டிஆர்ஜி கோடிங், அதாவது உள்நோயாளி சார்ட்டுக்கு நோய்க் கோடு போடும் வேலை. கோடிங் சான்றிதழான சிசிஎஸ் பாஸ் பண்ணிவிட்டேன். ஒரு கன்சல்டன்சியில், "அமெரிக்காவில் கிளினிக்கல் டாக்குமென்டேஷன் ஸ்பெஷலிஸ்ட் (சிடிஐ) வேலை, எச்-1பி வேலை விசாவுக்கு ஸ்பான்சர் உறுதி, ஜனவரியில் ஃபிளைட்" என்கிறார்கள். மொத்தம் மூன்றரை லட்சம். முன்பணம் ஐம்பதாயிரம் இந்த வாரமே கட்ட வேண்டுமாம். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். கட்டலாமா?

ஆகஸ்ட் 17, இரவு

கட்டாதீர்கள் தம்பி. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

எச்-1பியை யாரும் "உறுதி" என்று சொல்ல முடியாது. மார்ச்சில் கம்பெனிகள் பெயர் பதியும், குலுக்கல் நடக்கும், அதில் பெயர் விழுந்தவர்கள் அக்டோபர் 1 முதல் வேலையில் சேரலாம். வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு இன்னொரு 20,000. இந்தச் சுற்றுக்கான கோட்டா ஜூலையிலேயே நிரம்பியாகிவிட்டது. ஆகஸ்டில் உட்கார்ந்துகொண்டு ஜனவரியில் ஃபிளைட் என்றால், அது நடக்காத தேதி.

இன்னொன்று: எச்-1பி மனுவின் அரசுக் கட்டணத்தையும் வக்கீல் செலவையும் வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும், அமெரிக்கச் சட்டமே அப்படித்தான். அந்தச் செலவுக்கென்று உங்களிடம் கை நீட்டுகிறவர் அந்த இடத்திலேயே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 18

நேற்று கோபத்தில் எழுதினேன், வேலையைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்டவருக்குக் கோடிங் தெரியும். படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கோடர் கையில் சார்ட் பெரும்பாலும் நோயாளி வீட்டுக்குப் போன பிறகு வரும். சிடிஐ வேலை பார்க்கும் எங்கள் கையில் நோயாளி கட்டிலில் இருக்கும்போதே வரும். டாக்டர் எழுதியதும் நோயாளியின் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

போன வாரம் ஒரு கேஸ். 78 வயதுப் பாட்டி. டாக்டர் எழுதியது ஒரே வார்த்தை: யூரோசெப்சிஸ். காய்ச்சல் 39.1, நாடித்துடிப்பு 118, வெள்ளணு 19,000, லாக்டேட் 3.4, கிரியேட்டினின் 1.1-லிருந்து 2.3-க்கு ஏறியிருக்கிறது. நர்ஸ் குறிப்பில் "மகள் பெயரை மறந்து அழைக்கிறார்" என்று இருந்தது. யூரோசெப்சிஸ் என்றால் சிறுநீர்த் தொற்று மட்டுமா, தொற்று உடம்பையே பாதிக்கும் செப்சிஸா என்று தெரியாது. அந்தச் சொல்லுக்கு அமெரிக்க நோய்க் கோடு பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் கோடே கிடையாது, டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு பணம் என்று தீர்மானிக்கும் பிரிவு எண்தான் டிஆர்ஜி. சிறுநீர்த் தொற்று மட்டும் என்றால் டிஆர்ஜி 690. செப்சிஸ் முதன்மை நோய் என்று டாக்டரே உறுதிசெய்து, கூடவே எம்சிசி என்கிற கடுமையான துணைநோய் ஒன்றும் இருந்தால் 871. நோயாளி ஒருவர்தான், பணத்தில் பெரிய இடைவெளி. பணத்தை விடுங்கள், அவ்வளவு நோயோடு வந்தவரின் ஆவணம் லேசான கேஸ் போல நின்றுவிடும் என்பதுதான் எனக்கு உறுத்தும்.

"செப்சிஸ் என்று எழுதுங்கள்" என்று நான் சொல்லக் கூடாது. இந்த எண்களை வரிசையாக வைத்து, "இவற்றுக்குப் பொருந்தும் நோயறிதல் எது?" என்று டாக்டருக்குக் குவெரி, அதாவது எழுத்தில் கேள்வி, போட வேண்டும். தெரிவுகளில் "வேறு", "தீர்மானிக்க இயலவில்லை" இரண்டும் இருக்க வேண்டும். பணத்தைப் பற்றி ஒரு சொல் வரக் கூடாது. எழுதப் பத்து நிமிடம்தான் ஆனது, யோசிக்க ஒரு மணி நேரம்.

ஆகஸ்ட் 24

"சரி அக்கா, அது மோசடி. நிஜமான ஆஸ்பத்திரி எதுவுமே ஸ்பான்சர் செய்யாதா?" என்று தம்பி கேட்டிருக்கிறார்.

நான் வேலை செய்யும் ஒஹாயோவில் பார்த்தவரை, சிடிஐ விளம்பரத்தின் முதல் வரி அந்த மாநில ஆர்என் (பதிவுபெற்ற நர்ஸ்) லைசென்ஸ், இரண்டாவது வரி சில வருடப் படுக்கையோர நர்சிங் அனுபவம். இந்த இடத்துக்கு உள்ளூர் நர்ஸ்களே வரிசையில் நிற்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டில் முதுகு போனவர்களுக்கு இது உட்கார்ந்து செய்யும் வேலை, பல இடங்களில் வீட்டிலிருந்தே. ஆள் பஞ்சம் கட்டில் பக்கத்தில்தான். பஞ்சம் இருக்கும் இடத்துக்குத்தான் ஆஸ்பத்திரி விசா செலவு செய்யும்.

சட்டத்திலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. எச்-1பிக்கு, குறிப்பிட்ட துறையில் பட்டம் இருந்தால்தான் செய்ய முடிகிற வேலை என்று காட்ட வேண்டும். அமெரிக்காவில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி படித்தே ஆர்என் ஆகலாம். அதனால் சாதாரண நர்ஸ் வேலை அந்த வரையறைக்குள் வருவது கடினம், சிடிஐக்கும் அதே கேள்வி எழும்.

நான் எப்படி வந்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். என்னை எந்த ஆஸ்பத்திரியும் ஸ்பான்சர் செய்யவில்லை. நாகர்கோவிலில் நர்சிங், மதுரையில் நான்கு வருடம் ஐசியூ, சென்னையில் கோடிங், 2017-ல் கணவரோடு எச்-4 விசாவில், அதாவது எச்-1பி ஊழியரின் துணைக்குத் தரும் விசாவில், இங்கே. இரண்டு வருடம் வேலை செய்ய அனுமதி இல்லை. அதற்குள் அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் தேர்வான என்கிளெக்ஸ் எழுதி லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தேன். அந்த அட்டையைச் சமையலறை இழுப்பறையில் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக ஆம்புலன்ஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. கணவரின் கிரீன் கார்டுக்குக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அனுமதியான பிறகு 2019-ல்தான் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வந்தது. பிறகு இரண்டு வருடம் வார்டு, அதுவும் கோவிட் காலத்தில். 2021-ல் சிடிஐ. இரண்டு வருட அனுபவம் சேர்ந்ததும் 2023-ல் சிடிஐ சான்றிதழ் தேர்வான சிசிடிஎஸ் எழுதினேன்.

"சிடிஐ விசா" என்று யாராவது சொல்லும்போது எனக்கு வயிறு எரிவது இதனால்தான். நான் அறிந்த வெளிநாட்டுச் சிடிஐக்காரர்கள் வேறு வாசல் வழியாக உள்ளே வந்து, பிறகு இந்த நாற்காலிக்கு நகர்ந்தவர்கள்.

ஆகஸ்ட் 26

இரண்டு திருத்தம். சிடிஐயில் "ஐ" என்பது "இம்ப்ரூவ்மென்ட்" என்று வேறொரு பதிலில் எழுதியிருந்தேன். அது பழைய பெயர், இப்போது "இன்டெக்ரிட்டி". சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

இரண்டாவது பெரியது. "வேறு வாசல் வழியாக வந்தவர்கள்" என்றதற்கு ஒருவர் மறுப்பு எழுதியிருக்கிறார். அவர் இந்தியாவில் எம்பிபிஎஸ் முடித்தவர். பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாபநோக்கற்ற ஆஸ்பத்திரி ஒன்று அவரைச் சிடிஐ வேலைக்கே எச்-1பியில் எடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளுக்குக் கோட்டாவும் குலுக்கலும் கிடையாது, வருடத்தில் எந்த மாதத்திலும் மனுப் போடலாம். அவர் சொல்வது சரி. நான் மொத்தமாக அடித்து எழுதியது தவறு. ஆனால் அவர் அப்போது அமெரிக்காவிலேயே படித்துக்கொண்டிருந்தார், அந்த ஆஸ்பத்திரியிலேயே பயிற்சியும் செய்திருந்தார். ஊரிலிருந்து விண்ணப்பம் அனுப்பிக் கிடைத்ததல்ல.

செப்டம்பர் 7

நர்ஸ் வாசலைப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். என்கிளெக்ஸ், ஆங்கிலத் தேர்வு, வெளிநாட்டு நர்ஸின் படிப்பையும் லைசென்ஸையும் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்றிதழ். பிறகு ஆஸ்பத்திரி ஈபி-3 பிரிவில் கிரீன் கார்டுக்கே மனுப் போடும். நர்ஸ்களும் பிசியோதெரபிஸ்ட்களும் "செட்யூல் ஏ" பட்டியலில் இருப்பதால், உள்ளூரில் ஆள் தேடிப் பார்த்தோம் என்று தொழிலாளர் துறையிடம் நிரூபிக்கும் நீண்ட படி இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது கசப்பான பகுதி. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-3 வரிசை இன்று 2013-ல் நிற்கிறது. 2013-ல் மனுப் போட்டவர்களுக்கு இப்போதுதான் முறை வருகிறது. எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பது கணக்கில்லை, பிறந்த மண்தான் கணக்கு. "நர்ஸ்களுக்கு இரண்டே வருடத்தில் கிரீன் கார்டு" என்ற யூடியூப் வீடியோக்கள் வேறு நாட்டில் பிறந்தவர்களின் கதையாக இருக்கும்.

இதைத் தட்டச்சு செய்யவே எனக்குக் கை வரவில்லை. 26 வயதுத் தம்பியிடம் பத்து வருடத்துக்கு மேல் காத்திரு என்று எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 20, காலை

தூங்கவில்லை. நேற்று வந்த அதிபர் உத்தரவைப் பார்த்திருப்பீர்கள், எச்-1பிக்கு 1,00,000 டாலர். கணவரோடு வேலை செய்யும் ஒருவர் சென்னையில் அண்ணன் மகள் கல்யாணத்தில் இருந்தார். தாலி கட்டி முடித்த கையோடு விமான நிலையம் ஓடியிருக்கிறார். 21-ஆம் தேதிக்குள் திரும்ப வேண்டும் என்று கம்பெனி மெயில். யாரும் இப்போது எதையும் முடிவு செய்யாதீர்கள்.

செப்டம்பர் 23

கொஞ்சம் தெளிந்திருக்கிறது. 21-க்குப் பிறகு போடும் புதிய மனுக்களுக்கு, ஒருமுறை கட்டணம். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் போய் வரலாம். இப்போதைக்கு உத்தரவின் ஆயுள் 12 மாதம்.

ஆகஸ்ட் 26 குறிப்பில் கோட்டா இல்லாத ஆஸ்பத்திரி என்ற ஒரு கதவைத் திறந்து காட்டினேன் அல்லவா? இந்தியாவில் இருக்கும் ஒருவருக்கு அந்தக் கதவும் இப்போது ஏறக்குறைய சாத்திவிட்டது. ஒரு சிடிஐ நர்ஸின் வருடச் சம்பளத்துக்கு ஈடான தொகையை முன்கூட்டியே கட்டி எந்த ஆஸ்பத்திரி ஆள் எடுக்கும்?

தம்பி, அந்தக் கன்சல்டன்சி இன்னும் போன் செய்கிறதா?

செப்டம்பர் 24

செய்கிறதாம். "அந்தக் கட்டணத்தையும் நாங்களே பார்த்துக்கொள்வோம், நீங்கள் கூடுதலாக ஒரு லட்சம் மட்டும்" என்கிறார்களாம்.

அவர்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டரைப் பெயர் மறைத்து எனக்கு அனுப்பியிருந்தார். ஆஸ்பத்திரி லோகோ மங்கலாக இருக்கிறது, இணையத்திலிருந்து வெட்டி ஒட்டியது. பதில் அனுப்ப ஜிமெயில் முகவரி. வேலை விவரத்தில் "எட்டு மணி நேரம், உணவு, தங்குமிடம் இலவசம்". அமெரிக்க ஆஸ்பத்திரி எதுவும் நர்ஸுக்கு அப்படி எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. வளைகுடா லெட்டரில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். டிஆர்ஜி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை, லைசென்ஸைப் பற்றி ஒரு வரி இல்லை.

அக்டோபர் 5

அந்த லெட்டரைப் பார்த்ததிலிருந்து வளைகுடா பற்றித்தான் யோசனை. நான் இதுவரை அதைத் தொடவே இல்லை, அது என் குறை. ஸ்பான்சர் என்ற சொல் இயல்பாகப் புழங்கும் இடம் அதுதானே. அங்கே குலுக்கல் இல்லை. வேலை கொடுப்பவரே விசா எடுப்பார், ஆளெடுக்கும் செலவை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்று எமிரேட்ஸ் தொழிலாளர் சட்டம் சொல்கிறது.

அபுதாபியிலும் துபாயிலும் நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம், சிகிச்சைகளுக்கு சிபிடி என்ற அமெரிக்கக் கோடுகள் இரண்டும்தான் ஓடுகின்றன, சென்னைக் கோடரின் கைப்பழக்கம் அப்படியே உதவும். உள்நோயாளிகளுக்கு ஐஆர்-டிஆர்ஜி என்ற வேறொரு டிஆர்ஜி வகை. சவூதி வேறு மாதிரி. அங்கே ஆஸ்திரேலிய முறை, ஐசிடி-10-ஏஎம், ஏஆர்-டிஆர்ஜி. விதிகளைப் புதிதாகப் படிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கிளெய்ம்கள் நஃபீஸ் தளம் வழியாகப் போகத் தொடங்கிய பிறகு அங்கே சிடிஐ ஆட்களைத் தேடுவது கூடியிருக்கிறது என்று என்னோடு சென்னையில் வேலை பார்த்து இப்போது ரியாத்தில் இருக்கும் தோழி சொல்கிறாள். அவளும் நர்ஸ். டேட்டாஃப்ளோ சரிபார்ப்புக்குச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு, பழைய ஆஸ்பத்திரி அனுபவக் கடிதத்தை உறுதிசெய்ய மாட்டேன் என்று இழுத்தடித்ததில் நான்கு மாதம் வீணாய்ப் போனது என்கிறாள். வேலையை விடும்போதே அனுபவக் கடிதத்தைக் கையெழுத்து, சீலோடு வாங்கி வையுங்கள்.

ஏஜென்ட் வழியாகப் போவதென்றால் இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் அவர் லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ. 30,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது, ஒரு எட்டு நேரில் போய்க் கேளுங்கள்.

அக்டோபர் 12

ஒருவர், "விசிட் விசாவில் துபாய் போய் வேலை தேடினால் என்ன?" என்கிறார்.

என் சித்தி மகன் அப்படிப் போனான். அவனும் கோடர்தான். அறுபது நாள் விசா. அழைத்துப்போன ஆள் தேய்ராவில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் விட்டுவிட்டு போனை எடுக்கவில்லை. நாற்பதாவது நாள் சித்தி எனக்கு அழைத்து, "அவன் சாப்பிட்டானான்னு மட்டும் கேளு, என்கிட்ட பொய் சொல்றான்" என்றார். கேட்டேன். மூன்று நாளாக குப்பூஸும் தயிரும். திரும்பி வந்துவிட்டான், 1,75,000 ரூபாய் போனது. இன்றைக்கும் அந்தக் கடனைத்தான் கட்டுகிறான். வேலை விசா கையில் வராமல் விமானம் ஏறாதீர்கள்.

அக்டோபர் 21

மாணவர் வழி. நேற்று குடியேற்றத் துறை ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறது: அமெரிக்காவுக்குள் இருந்தபடியே எஃப்-1 மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுகிறவர்களுக்கு அந்த லட்சம் டாலர் கிடையாது.

அதனால் "ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் மாஸ்டர்ஸ் படிக்கலாமா" என்று இன்று மட்டும் ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். படித்து முடித்தால் 12 மாதம் ஓபிடி என்ற வேலைப் பயிற்சி அனுமதி, ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பாக இருந்தால் இன்னும் 24 மாதம். இங்கேதான் கவனம். மெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஸ்டெம் பட்டியலில் உண்டு. பெயர் ஒரே மாதிரி ஒலிக்கும் ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் படிப்புகளில் பல அதில் வராது. படிப்பின் பெயரை நம்பாமல், படிப்பை வகைப்படுத்தும் சிஐபி எண்ணைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதோடு, சம்பளப் படிநிலை கூடியவர்களுக்குக் குலுக்கலில் கூடுதல் வாய்ப்பு தர வேண்டும் என்று செப்டம்பரில் ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. அது நடந்தால் புதிதாக வேலைக்குச் சேருகிறவர் பின்வரிசைக்குப் போவார். கடன் வாங்கிப் படிக்கிறவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அக்டோபர் 31

இன்று என் கதை. என் ஈஏடி அட்டை பிப்ரவரியில் முடிகிறது. இந்த மாதம்தான் உச்ச நீதிமன்றம் எச்-4 வேலை அனுமதிக்கு எதிரான வழக்கை ஏற்க மறுத்தது, நிம்மதியாக மூச்சு விட்டேன். நேற்று முதல் புது விதி: புதுப்பிக்க மனுப் போட்டால் தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு இனி இல்லை. இங்கே தங்கும் அனுமதிக் காலத்தைக் காட்டும் என் ஐ-94 2027 வரை இருக்கிறது. அதனால் பழைய விதியில் மனு நிலுவையில் இருந்தாலும் வேலை செய்திருக்கலாம். தீபாவளி முடியட்டும், மகனின் பள்ளி வேலை முடியட்டும் என்று மனுவைத் தள்ளிவைத்திருந்தேன். ஒரு வாரம் முன்னால் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

மேனேஜரிடம் சொன்னேன். நல்ல மனுஷி. "பிப்ரவரிக்குள் அட்டை வராவிட்டால் சம்பளமில்லா விடுப்பு, அதற்கு மேல் என் கையில் இல்லை" என்றார். எட்டு வருடம் இங்கே இருந்தும் ஒரு பிளாஸ்டிக் அட்டையின் தேதிதான் என் வேலையைத் தீர்மானிக்கிறது.

நவம்பர் 16

மனு போட்டாகிவிட்டது, ரசீது வந்துவிட்டது. ஆறுதல் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். மோசடியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்தக் கோபத்தில், சென்னையிலேயே இருப்பது தோல்வி என்ற தொனி எல்லாக் குறிப்புகளிலும் எப்படியோ வந்துவிட்டது. அது நியாயமில்லை. சென்னையில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக டிஆர்ஜி ஆடிட்டும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய சிடிஐ ரிவ்யூவும் செய்யும் குழுக்கள் இருக்கின்றன. இங்கே எனக்கு வரும் ஆடிட் குறிப்புகளில் சில அங்கிருந்து வருபவைதான். போன மாதம் ஒரு நிமோனியா கேஸில் "சிஎச்எஃப்" (இதயச் செயலிழப்பு) என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்ததை நான் விட்டுவிட்டேன். அப்படியே கோட் செய்தால் ஐ50.9, எம்சிசிக்கு ஒரு படி கீழான சிசி கூட இல்லை. எக்கோவில் இதயம் ரத்தம் தள்ளும் அளவு 30 சதவீதம், கால் வீக்கம், நரம்பு வழி லாசிக்ஸ் எல்லாம் சார்ட்டிலேயே இருக்கின்றன. "எந்த வகை இதயச் செயலிழப்பு, அக்யூட்டா என்று கேட்டிருக்கலாமே" என்று சென்னையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அக்யூட் சிஸ்டாலிக் என்று டாக்டர் பதில் எழுதினால் ஐ50.21, எம்சிசி. அவர் நோயாளியைப் பார்த்தது இல்லை, ஆஸ்பத்திரியைப் பார்த்தது இல்லை, சார்ட்டை மட்டும் என்னைவிட நன்றாகப் படித்திருந்தார்.

டிசம்பர் 7

தம்பியிடமிருந்து நீண்ட மெயில். கன்சல்டன்சி எண்ணை பிளாக் செய்துவிட்டாராம். கம்பெனியிலேயே சிடிஐ ரிவ்யூ குழுவுக்கு மாற எழுதிக் கொடுத்திருக்கிறார். அபுதாபி ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் சுற்று நேர்காணல் முடிந்திருக்கிறது, செப்சிஸ் குவெரி ஒன்றை எழுதிக்காட்டச் சொன்னார்களாம். தெரிவுகளில் "தீர்மானிக்க இயலவில்லை" சேர்த்தீர்களா என்று கேட்டேன். "அதைத்தான்க்கா முதல்ல போட்டேன்" என்றார். என்கிளெக்ஸும் எழுதி வைக்கப் போகிறார், வரிசை என்றைக்கு நகர்ந்தாலும் லைசென்ஸ் கையில் இருக்கட்டும் என்று.

அப்படியென்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிண்டி எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பிக்கும் முன், கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி மணி நேரமும் கிளினிக்கல் மணி நேரமும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எனக்குச் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திருத்தி வாங்க அப்பா நாகர்கோவிலுக்கும் சென்னைக்குமாக மூன்று முறை அலைந்தார். உறையை நீங்கள் பிரிக்கக் கூடாது, பல்கலைக்கழகத்திலிருந்து சரிபார்க்கும் அமைப்புக்கு நேராகப் போக வேண்டும்.

என் அட்டை இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.